கலாத்தியாவும் கள்ளியும் ஒரே வீட்டில்: கொங்கு நாட்டுக் காற்றில் ஈரப்பதத்தைச் சமாளிப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: திருப்பூரில் மூன்றாம் மாடி ஃபிளாட். ஹாலில் கலாத்தியா, பெரணி, ஒரு ஆர்க்கிட், மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், நாலைந்து கள்ளிச் செடிகள் இருக்கின்றன. மாசி பிறந்ததிலிருந்து கலாத்தியாவின் இலை ஓரம் கருகுகிறது. எல்லாச் செடிக்கும் தினமும் தண்ணீர் ஸ்பிரே அடித்ததில் கள்ளி ஒன்று அழுகிவிட்டது. காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கலாமா, வாங்கினால் மிச்சமிருக்கும் கள்ளிகள் என்ன ஆகும்?

ஹால் முழுவதையும் ஈரமாக்க ஹியூமிடிஃபையர் வாங்க வேண்டாம். வாங்கினாலும் சன்னல் திறந்திருக்கும் ஹாலில் அது எடுபடாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். உங்களிடம் இருப்பவற்றில் கலாத்தியாவும் பெரணியும் மட்டும்தான் உண்மையிலேயே ஈரக்காற்று கேட்கிற செடிகள். ஆர்க்கிட் நடுத்தரம். மற்றவை நம்ம ஊர்க் காற்றிலேயே நன்றாக இருக்கும். அந்த இரண்டுக்கு மட்டும் ஒரு சின்ன மூடிய இடம் செய்துகொடுங்கள். மற்றவற்றை வீட்டுக்குள்ளேயே அதற்கு ஏற்ற மூலைக்கு மாற்றுங்கள். காற்றை மாற்றுவதைவிடச் செடியை நகர்த்துவது சுலபம்.

திருப்பூர், கோவைப் பக்கம் குடும்பத்துக்கு ஒருவராவது மில்லில் வேலை பார்த்திருப்பார். அவரைக் கேட்டுப் பாருங்கள். பஞ்சு நூற்கும் ரிங் ஃப்ரேம் பகுதியில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் இருந்தால் நூல் அறாமல் ஓடும். தறி ஓடும் ஷெட்டில் 70க்கு மேல் வேண்டும். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ஈரம் என்று எந்த மில்லும் ஓட்டுவதில்லை. அந்தந்த டிபார்ட்மென்டுக்கு அந்தந்த ஈரத்தைத் தனியாகக் கொடுத்து, கதவைச் சாத்தி வைப்பார்கள். வீட்டுச் செடிகளுக்கும் அதே முறைதான்.

இப்போது நம்ம காற்றைப் பற்றிக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கிடைக்கிற அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்தேசத்து வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் வீடு காய்ந்துபோகும். நமக்குக் காய்வது மாசி, பங்குனியில், அதுவும் மதியத்தில்.

ஈரப்பதம் என்று மீட்டரில் காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ அதில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதுதான் அந்த எண். 22 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 19 கிராம் நீராவியைத் தாங்கும். 35 டிகிரியில் ஏறக்குறைய 40 கிராம் தாங்கும். விடியற்காலை 22 டிகிரியில் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் 15 கிராம் சொச்சம் இருக்கிறது. அதே காற்று மதியம் 35 டிகிரிக்குச் சூடாகும்போது அந்த 15 கிராம் அப்படியே இருந்தாலும் மீட்டர் 40க்குக் கீழே காட்டும். யாரும் ஈரத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை, வெயில் ஏறியது, அவ்வளவுதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி விழுந்த காலையைப் பார்த்து, காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மதியம் இரண்டரை மணிக்கு அதே வாசலில் 30 காட்டும். கரூர், ஈரோடு பக்கம் பங்குனியில் அதற்கும் கீழே போகும்.

செடிக்கு இது ஏன் முக்கியம் என்றால், இலையின் உட்புறம் எப்போதும் ஏறக்குறைய நூறு சதவீத ஈரத்தில் இருக்கிறது. வெளிக்காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக இலைத்துளை வழியாக நீர் வெளியே போகும். வேர் அந்த வேகத்துக்கு நீரை ஏற்ற முடியாமல் போகும்போது முதலில் காய்வது இலையின் ஓரம், ஏனென்றால் நீர்க்குழாயின் கடைசி முனை அங்கேதான் இருக்கிறது. பிரேசில் காட்டில் பெருமரங்களின் அடியில், நிழலிலும் ஈரத்திலும் வளர்ந்த கலாத்தியாவுக்கு மெல்லிய அகலமான இலை. கள்ளியும் ஸ்நேக் பிளான்டும் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில் திறக்கிற ரகம். மதியம் 30 சதவீதம் என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது காற்று வீசுவது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்தான் நம்ம வானிலையை நடத்துகிறது. ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டுகிற மழை அந்த வழியாக நமக்குச் சாரலும் காற்றுமாக வந்து சேருகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஈரத்தோடு வரும். கோவையில் குளுகுளு என்றிருக்கும். கிழக்கே பல்லடம், காங்கேயம், தாராபுரம் என்று போகப் போக ஈரம் குறைந்து காற்று மட்டும் மிஞ்சும். காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதற்குக் காரணமே அதுதான். உங்கள் மூன்றாம் மாடியில் மேற்குப் பார்த்த சன்னல் இருந்தால் ஆடிக்காற்று நேராக உள்ளே வரும். மீட்டரில் 60 காட்டினாலும் அந்தக் காற்றுத் தடத்தில் வைத்த பெரணி கருகும். ஒவ்வொரு இலையைச் சுற்றியும் அது விட்ட ஈரம் ஒரு மெல்லிய போர்வையாக நிற்கும்; வீசுகிற காற்று அதை விடாமல் வாரிக்கொண்டு போய்விடும். எனவே ஈரப்பதம் என்று யோசிக்கும் முன் செடியைக் காற்றுத் தடத்திலிருந்து விலக்குங்கள். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் செடிக்கும் இதுவே பொருந்தும்.

சரி, அளப்பதற்கு வருவோம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், அதாவது ஈரப்பதம் அளக்கும் மீட்டர், கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள், அதற்குமேல் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மலிவான மீட்டர்கள் 5, 10 சதவீதம் தப்பாகக் காட்டுவது சகஜம் என்பதால் வாங்கியவுடன் உப்பை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சாதாரணத் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி நிற்க வேண்டும். மேலே தண்ணீர் தேங்கினால் இன்னும் கொஞ்சம் உப்புப் போடுங்கள். அந்த மூடியையும் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றோடொன்று படாமல், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி ஒரு இரவு விட்டுவிடுங்கள். கண்ணாடி மூடி உள்ள டப்பா என்றால் திறக்காமலே பார்க்கலாம். காலையில் மீட்டர் 75 காட்ட வேண்டும். உப்புக் குழம்புக்கு மேல் அடைபட்ட காற்று எப்போதும் 75ஐ ஒட்டித்தான் நிற்கும். 69 காட்டினால் உங்கள் மீட்டர் 6 குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிறகு ஒரு வாரம் வீட்டுக்குள் சுற்றி அளங்கள்: ஹால், படுக்கையறை, சமையலறை மேடை, குளியலறை, பால்கனி. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மதியம் இரண்டரைக்கு ஒரு தடவை. மதிய எண்தான் செடியின் தலையெழுத்து. வெயில் படும் இடத்தில் மீட்டரை வைத்தால் அது சூடாகித் தப்பாகக் காட்டும். செடியின் உயரத்தில், நிழலில் வையுங்கள்.

இதில் பலரும் எதிர்பாராத ஒன்று தெரியவரும். மாசி பங்குனியில் ஏசி ஓடுகிற படுக்கையறை, திறந்திருக்கும் ஹாலைவிட ஈரமாக இருக்கும். ஏசி காற்றை உலர்த்துகிறது என்பது உண்மைதான், வெளியே சொட்டுகிற தண்ணீர் அதுதான். ஆனால் 35 டிகிரியில் 30 சதவீதமாக இருந்த காற்றை 25 டிகிரிக்குக் குளிரவைத்தாலே ஒப்பு ஈரப்பதம் 50ஐத் தொட்டுவிடும். கொஞ்சம் தண்ணீர் சொட்டிப் போனாலும் 45க்கு அருகில் நிற்கும். ஏசி அறையில் செடி கெடுவது பெரும்பாலும் காற்று நேராக இலையில் அடிப்பதால். அந்தத் தடத்தில் இல்லாத, வெளிச்சம் உள்ள மூலை ஆர்க்கிட்டுக்கும் மான்ஸ்டெராவுக்கும் நல்ல இடம்.

இப்போது உங்கள் கலாத்தியாவின் கருகலுக்கு வருகிறேன். அது ஈரப்பதக் குறைவால் வந்தது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். நான் முதலில் உங்கள் தண்ணீரைத்தான் சந்தேகிக்கிறேன். நம்ம பக்கத்து ஃபிளாட்டுகளில் இரண்டு குழாய் இருக்கும், நல்ல தண்ணி ஒன்று, உப்புத் தண்ணி ஒன்று. போர்வெல் உப்புத் தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தால் ஈரப்பதத்தை 80க்கு ஏற்றினாலும் கலாத்தியாவின் நுனி கருகும். செடி நீரை மட்டும் ஆவியாக விடுகிறது, உப்பு இலை நுனியில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. உப்பினால் என்றால் பழைய இலைகளில் முதலில் தெரியும். நுனியில் பழுப்பு, அதையொட்டி மஞ்சள் கோடு, தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூச்சு. காய்ந்த காற்றினால் என்றால் புது இலையில் தெரியும். கலாத்தியாவின் குருத்து சுருட்டிய காகிதம் மாதிரி வந்து இரண்டு மூன்று நாளில் விரிய வேண்டும். காற்று காய்ந்திருந்தால் அது பாதி விரிந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், விரல் வைத்துப் பிரித்தால் கிழியும், விரிந்த பிறகு ஓரம் பூராவும் மொறுமொறுவென்று இருக்கும். மூன்றாவது ஒரு காரணமும் உண்டு: செம்பேன். சூடும் வறட்சியும் சேர்ந்தால் அது பெருகும். வெள்ளைக் காகிதத்தை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அது பேன். இலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, குளியலறையில் ஷவரைப் பிடித்துக் கழுவி, வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் இதையே செய்தால் அடங்கும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் இரண்டு எச்சரிக்கை. அப்பார்ட்மென்டில் வாட்டர் சாஃப்ட்னர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் கையில் சோப்பு நுரைக்கிறது என்பதற்காகச் செடிக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது அது. அப்புறம், ஆர்ஓ மெஷினிலிருந்து வீணாக வரும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவ, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கலாத்தியாவுக்கும் பெரணிக்கும் ஆற்றுத் தண்ணீர், ஆர்ஓவில் வடிந்த நல்ல தண்ணீர், மழைநீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற பகுதிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. தொட்டியில் ஏற்கெனவே சேர்ந்த உப்பைப் போக்க, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிடுங்கள். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று கழுவாத கட்டியை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதிலும் உப்பு உண்டு. கழுவி விற்பதை வாங்குங்கள், அல்லது நீங்களே இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புதுக் குருத்து ஒட்டிக்கொண்டுதான் வருகிறது என்றால், சரி, ஈரப்பதம்தான் காரணம்.

ஸ்பிரேயை நிறுத்திவிடுங்கள். இலையில் விழுந்த துளி நம்ம மதியக் காற்றில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், அதோடு பலனும் முடிந்தது. காயாமல் நின்றால் அதைவிட மோசம், இலைப்புள்ளி நோய் வரும். உங்கள் கள்ளி அழுகியதற்குக் காரணம் ஈரக்காற்று அல்ல, முள்ளுக்கு நடுவில் தங்கிய தண்ணீரும் காயாத மண்ணும்தான். கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைக்கும் முறையும் பெரிதாக உதவாது. தட்டுக்கு மேல் நாலு விரல்கடை உயரம் வரை கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடினால் அதுவும் இல்லை. செடிகளை நெருக்கி வைப்பது காற்றோட்டமில்லாத மூலையில் ஓரளவு பயன் தரும்.

ஹியூமிடிஃபையர் கணக்கு இதோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம்: ஏறக்குறைய 34 கனமீட்டர் காற்று. 32 டிகிரியில் ஒரு கனமீட்டர் 34 கிராம் வரை தாங்கும். 35 சதவீதத்திலிருந்து 60க்கு ஏற்ற வேண்டும் என்றால் கனமீட்டருக்கு எட்டரை கிராம், மொத்தம் சுமார் 290 மில்லி தண்ணீர். கேட்க ரொம்பக் குறைவாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தக் காற்று அறையிலேயே நிற்க வேண்டும். சன்னலும் கதவும் திறந்திருக்கும் அறையில் ஒரு மணி நேரத்தில் காற்று ஐந்து தடவையாவது மாறிவிடும். அப்படியானால் மணிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கும் சின்ன மெஷின் மணிக்கு 300 மில்லிதான் தரும். கதவைச் சாத்திய படுக்கையறையில் அதே 300 மில்லி தாராளமாகப் போதும். ஆக, மெஷினின் விலையைவிட அறையின் கதவுதான் இதைத் தீர்மானிக்கிறது.

அப்படி மூடிய அறையில் வைத்தாலும் 60ஐத் தாண்டவிடாதீர்கள். அதற்குமேல் போனால் சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ பெரியவர்களோ இருந்தால் அது சாதாரண விஷயமில்லை. அல்ட்ராசானிக் வகை மெஷினில் உப்புத் தண்ணியை ஊற்றினால் அந்த உப்பும் சேர்ந்து காற்றில் பறந்து, இலைமேலும் டிவிமேலும் வெள்ளைத் தூளாகப் படியும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும்.

உங்களிடம் ஏர் கூலர் இருந்தால், அது பெரிய ஹியூமிடிஃபையர்தான். மாசியிலிருந்து வைகாசி வரை மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும், திறந்த ஹாலிலும் அது எடுபடும். கூலர் காற்று நேராக அடிக்காமல், பக்கவாட்டில் ஐந்தாறடி தள்ளி மணி பிளான்ட், சிங்கோனியம், ஆந்தூரியம், பீஸ் லில்லி எல்லாம் வைக்கலாம். கள்ளிகளை அந்தப் பக்கமே வைக்க வேண்டாம்.

கலாத்தியாவுக்கும் பெரணிக்கும் நான் பரிந்துரைப்பது கண்ணாடிப் பெட்டி. 1829இல் லண்டனில் நத்தேனியல் வார்டு என்ற மருத்துவர், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைக் கொஞ்சம் ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் தாமாக முளைத்து வளர்ந்தன. அவர் தோட்டத்தில் நகரத்துப் புகையில் பெரணிகள் பிழைக்காமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தக் குடுவையிலிருந்து பிறந்த வார்டியன் பெட்டிகளில்தான் பிறகு உலகம் முழுக்கச் செடிகள் கப்பலேறின, சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைப் பக்கம் வந்ததும் அப்படித்தான்.

உங்களுக்கு வேண்டியது ஓரமாகக் கிடக்கும் ஒரு மீன் தொட்டி, அல்லது கண்ணாடிக் கதவு வைத்த ஷோகேஸ். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நாலடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று அரைக் கனமீட்டர். அதை 35லிருந்து 60க்கு ஏற்ற நாலைந்து மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும். ஈரமண்ணும் இலைகளும் விடுகிற ஆவியே அதைவிட அதிகம். மெஷினே வேண்டாம். ஹாலில் 290 மில்லி, அதையும் மணிக்கு ஐந்து தடவை. இங்கே ஒரு தேக்கரண்டி. ஈரத்தைச் சின்ன இடத்தில் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. நேர் வெயில் படவே கூடாது, மூடிய கண்ணாடிக்குள் அரைமணி நேர வெயில் செடியை வேகவைத்துவிடும். வெளிச்சம் போதவில்லை என்றால் மேலே ஒரு வெள்ளை எல்இடி ட்யூப் லைட்டை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். யுஎஸ்பியில் ஓடும் சின்ன ஃபேன் ஒன்று உள்ளே மெதுவாகச் சுற்றட்டும். அசைவே இல்லாத ஈரக்காற்றில்தான் பூஞ்சணம் வரும். கதவில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது ஹைக்ரோமீட்டரை உள்ளே வைத்து 65க்கும் 80க்கும் நடுவில் நிற்கும்படி இடைவெளியைக் கூட்டிக் குறையுங்கள். காலையில் கண்ணாடியில் லேசாக வியர்த்து, பத்து மணிக்குத் தெளிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க வழிந்துகொண்டிருந்தால் கதவை இன்னும் திறங்கள். உள்ளே வைத்த செடிக்குத் தண்ணீர் தேவை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பழைய கணக்கில் ஊற்றினால் வேர் அழுகும். ஃபிட்டோனியா, மராண்டா, சின்ன அலோகேசியா எல்லாம் இதே பெட்டியில் சேரும்.

பெட்டி வேண்டாம் என்றால் சன்னலுள்ள குளியலறை பெரணிக்கு நல்ல இடம். பழைய கல்கட்டுக் கிணற்றின் உட்சுவரில், தண்ணீருக்கு மேல் கல்லிடுக்கில் பெரணி தானாக முளைத்திருப்பதைத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். ஈரம், நிழல், காற்றடிக்காத பள்ளம், மேலிருந்து வரும் வெளிச்சம்: அது கேட்பது இந்த நாலும்தான். சன்னல் இல்லாத குளியலறையில் ஈரம் இருந்தாலும் வெளிச்சம் இல்லாமல் ஒரு மாதத்தில் மெலிந்துவிடும்.

ஆர்க்கிட்டுக்கு 50 முதல் 70 வரை நல்லது, ஆனால் அதற்கு ஈரத்தோடு காற்றோட்டமும் வேண்டும். மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். ஏசி அறையின் சன்னலோரம் அல்லது கூலர் ஓடும் ஹாலின் ஓரம். வேர் வெள்ளிச் சாம்பல் நிறமானதும் தொட்டியைப் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, முழுக்க வடித்துவிட்டு வையுங்கள். நுனிக் குருத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது.

கள்ளி, ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் செடி, அடீனியம் ஆகியவற்றுக்கு ஐப்பசி கார்த்திகைதான் சோதனைக் காலம். வடகிழக்குப் பருவமழையின்போது காலையும் மாலையும் 85, 90 என்று நிற்கும், தொட்டி மண் வாரக்கணக்கில் காயாது. காற்றில் உள்ள ஈரம் நேரடியாக இவற்றைக் கொல்வதில்லை, மண்ணைக் காயவிடாமல் செய்துதான் கொல்கிறது. மண்தொட்டியில், பாதிக்குப் பாதி மணலோ சிறு ஜல்லியோ கலந்த கலவையில் வைத்து, அடித்தட்டை எடுத்துவிடுங்கள். நார்க்கழிவு கலக்கவே வேண்டாம். அந்த இரண்டு மாதமும் ஸ்நேக் பிளான்டுக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் போதும், கள்ளிக்கு அதுவும் தேவைப்படாமல் போகலாம். ஹாலில் ஃபேன் ஓடுகிற பக்கம், வெளிச்சம் அதிகம் வரும் சன்னலை ஒட்டி இவற்றை வையுங்கள். பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் இருப்பவர்கள் இதையே ஆனியில் தொடங்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியின் கதவையும் ஐப்பசியில் பாதி திறந்தே வைக்கலாம், வெளிக்காற்றே போதுமான ஈரத்தோடு இருக்கும்.

கடைசியாக ஒன்று, புதுச்செடி வாங்கும்போது. நம்ம ஊர் நர்சரிகளுக்கு வரும் உள்வீட்டுச் செடிகளில் நிறைய, திருச்சூர் மண்ணுத்தியிலிருந்து வாளையாறு தாண்டி வருபவை. ஈரக்காற்றில் பசுமைக்குடிலுக்குள் வளர்ந்தவை. மே மாத மலர்க்காட்சிக்குப் போய்விட்டு ஊட்டியிலிருந்து பெரணியும் பிகோனியாவும் வாங்கி வருகிறோம்; காலையில் 15 டிகிரியில் இருந்த செடி மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் காரிலேயே துவண்டுவிடும். இப்படி வந்த செடியை நேராக ஹாலில் வைக்காதீர்கள், தொட்டியும் மாற்றாதீர்கள். பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் கவரைக் குச்சி நட்டுக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். நாலு நாள் கழித்து ஒரு பக்கம் சின்னதாகக் கிழித்துவிடுங்கள், அடுத்த நாலு நாளில் இன்னும் கொஞ்சம், இரண்டு வாரத்தில் கவரை எடுத்துவிடலாம். அதற்குள் பழைய இலை இரண்டு மூன்று பழுத்து விழுவது சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கவர் எடுத்த பிறகு வருகிற முதல் குருத்து ஒழுங்காக விரிந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், ஒட்டிக்கொண்டு வந்தால் பெட்டிக்குள் வையுங்கள்.